தொடுகையை அளக்கும் சொற்கள்

1887இல் வெளிவந்த ஒழுக்கத்தின் மரபுவழி பற்றிய தம் நூலின் முதல் பகுதியை முடிக்கும் இடத்தில் ஃப்ரீட்ரிக் நீட்சே ஒரு குறிப்பு எழுதினார். ஒழுக்கக் கருத்துகள் வளர்ந்த வரலாற்றின்மீது மொழியியல், அதிலும் சொற்பிறப்பு ஆய்வு, என்ன வெளிச்சம் பாய்ச்சுகிறது என்று கேட்டுப் பல்கலைக்கழகங்கள் கட்டுரைப் போட்டி நடத்த வேண்டும் என்பது அதன் சாரம். அவர் பாசல் பல்கலைக்கழகத்தில் மொழிநூல் பேராசிரியராக இருந்தவர். கேட்டது சும்மா அல்ல. அதே பகுதியில் அதற்கு முன்பே ஓர் எச்சரிக்கையும் விடுக்கிறார். தூயவன், தூய்மையற்றவன் என்ற பழஞ்சொற்களை எடுத்த எடுப்பில் ஆன்மிகப் பொருளில் படித்துவிடக் கூடாது. தொடக்கத்தில் தூயவன் என்றால் குளிப்பவன், சில உணவுகளை ஒதுக்குபவன், கீழ்க்குடிப் பெண்களோடு சேராதவன், இரத்தத்தைக் கண்டால் அருவருப்பவன் என்பதற்குமேல் அதிகம் ஒன்றுமில்லை என்கிறார். நீட்சேயின் முடிவுகள் பலவற்றை நான் ஏற்கவில்லை. ஆனால் அவருடைய கேள்வி நல்ல கேள்வி. அதை ஆங்கிலத்தின்மீது வைத்துப் பார்க்க நமக்குத் தனிக் காரணமும் உண்டு: நம் குற்றவியல் சட்டங்கள் முதலில் எழுதப்பட்டது அந்த மொழியில். ஒரு பெண்ணின் புகாரை நீதிமன்றம் எந்தக் கண்ணோடு பார்க்கும் என்பதை ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அம்மொழியின் சில சொற்கள் தீர்மானித்திருக்கின்றன. அந்தச் சொற்களை ஒருசேர எடுத்து ஆராய்ந்தால் கிடைக்கும் முடிவு இது: ஆங்கிலத்தில் ஒழுக்கத் தூய்மையைக் குறிக்கும் சொற்களில் பெரும்பான்மை, ஒருவர் பிறருக்கு என்ன செய்தார் என்பதை அளப்பதில்லை, அவரை எது தொட்டது, அவரோடு எது கலந்தது என்பதையே அளக்கின்றன.

முதலில் லத்தீன் வழி வந்தவை. 'பியூர்' என்ற சொல் 13ஆம் நூற்றாண்டு வாக்கில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மூலமான 'பூரஸ்' என்பதற்குக் கலப்பில்லாத, தெளிந்த என்று பொருள். தண்ணீர் கலக்காத திராட்சை மது, மாற்றுக் குறையாத உலோகம், மேகம் இல்லாத வானம் எல்லாமே 'பூரஸ்'தான். சமஸ்கிருதத்தில் தூய்மை செய்தலைக் குறிக்கும் 'பூ' என்ற வேரும் இதுவும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்திலிருந்து பிரிந்தவை. நாம் வழங்கும் பவித்திரம் என்ற சொல் அந்த வேரில் பிறந்தது. 'சின்சியர்' 16ஆம் நூற்றாண்டில் நுழைந்தபோது அதற்கும் கலப்படமற்றது என்பதே பொருள். 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்தில் அது பாலுக்கு அடைமொழியாக வருகிறது. பளிங்குச் சிலையின் விரிசலை மெழுகு பூசி மறைக்காத சிற்பியைக் குறித்த சொல் என்று இதற்கு ஒரு கதை சொல்வார்கள். கதை அழகாக இருக்கிறது, ஆனால் அகராதி ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. ஒரே வளர்ச்சியாக வளர்ந்தது, வேறெதுவும் ஒட்டாதது என்ற விளக்கமே அவர்களுக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. 'இம்மாகுலேட்' என்றால் 'மாகுலா' இல்லாதது, அதாவது கறை படியாதது. 1854 டிசம்பர் 8இல் போப் ஒன்பதாம் பயஸ் மரியாளின் அமல உற்பவத்தைத் திருச்சபையின் கோட்பாடாக அறிவித்தபோது பிறவிப் பாவத்தின் கறை அவரைத் தீண்டவில்லை என்ற கருத்தைத் தாங்கிநின்ற சொல் அதுதான்.

இந்த வரிசையில் நாம் நின்று பார்க்க வேண்டியது 'இன்டெக்ரிட்டி'. இன்று நேர்மைக்கு இதைவிட உயர்ந்த ஆங்கிலச் சொல் இல்லை என்றே அலுவலகங்களும் கல்லூரிகளும் கருதுகின்றன. அதன் லத்தீன் மூலமான 'இன்டெகர்' என்பதில் 'இன்' எதிர்மறை. பின்பகுதி 'டான்கெரே', தொடு என்னும் வினை. பிரித்துப் பொருள் சொன்னால் தொடப்படாதது என்றாகும். தமிழில் நேராகப் பெயர்த்தால் தீண்டப்படாமை என்று வரும். அந்தச் சொல் நம்மிடையே எதைக் குறிக்கிறது என்பதை நினைத்தால் மனம் நடுங்குகிறது. ஒரே செயல், தொடாமல் விடப்படுதல். அங்கே அது முழுமையின் பெயர், இங்கே கொடுமையின் பெயர். அதே 'டான்கெரே'யிலிருந்து பிறந்தவை எவை என்று பார்த்தால் படம் முழுமையாகும். தொற்றைக் குறிக்கும் 'கன்டேஜியன்', மாசுபடுத்துதலைக் குறிக்கும் 'கன்டாமினேட்' இரண்டும் அந்தக் குடும்பமே. குற்றவாளியைக் களங்கப்படுத்தும் பழைய சட்டச் சொல்லான 'அட்டெயின்ட்' என்பதன் பின்னாலும் தொடுதல் இருக்கிறது; சாயம் தோய்த்தலைக் குறித்த இன்னொரு சொல்லோடு அது குழம்பிக் கலந்ததால் 'டெயின்ட்' உருவாயிற்று. நேர்மையும் தொற்றும் களங்கமும் ஒரே வினையின் பிள்ளைகள்.

'சேஸ்ட்' இன்னும் கடினமான சொல். லத்தீன் 'காஸ்டஸ்' வெட்டுதலைக் குறிக்கும் பழைய வேரோடு தொடர்புடையது என்று பொதுவாகக் கொள்கிறார்கள்: பிறவற்றிலிருந்து வெட்டி ஒதுக்கப்பட்டது, குற்றத்திலிருந்து விலகியது. தண்டித்தலைக் குறிக்கும் 'காஸ்டிகேட்', 'சேஸ்டைஸ்' இரண்டும் இதன் வழி வந்தவை; ஒருவனைக் 'காஸ்டஸ்' ஆக்குவது என்றால் அடித்துத் திருத்துவது. முறைதவறிய உறவைக் குறிக்கும் 'இன்செஸ்ட்' இதன் எதிர்மறை. ஆக, விலக்கி வைத்தல், தண்டித்தல், உறவுத் தடை மூன்றும் இந்த ஒரு வேரைச் சுற்றியே நிற்கின்றன. போர்த்துகீசியர் நம் நாட்டுக்கு வந்து இங்குள்ள சமூகப் பிரிவுகளுக்கு இட்ட பெயரான 'காஸ்தா'வும் இதே 'காஸ்டஸ்' வழி வந்ததே என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. ஆங்கிலத்தின் 'காஸ்ட்' அதிலிருந்து பிறந்தது. கலக்காத குலம் என்ற பொருளில் இது கச்சிதமாகப் பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் விலங்கின் ஈற்றையும் இனத்தையும் குறித்த ஒரு ஜெர்மானியச் சொல்லே அதன் மூலம் என்று ஸ்பானியச் சொற்பிறப்பு அகராதியைத் தொகுத்த கோரோமினாஸ் வாதிட்டார். பிரச்சினை முடிந்தபாடில்லை. என் வாதத்துக்கு உதவும் என்பதற்காக உறுதியாகாத ஒன்றை நான் சான்றாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஆங்கிலத்தின் சொந்த மண்ணில் முளைத்த சொற்கள் சற்றே வேறு தன்மையுடையவை. பழைய ஆங்கிலத்தின் 'க்ளேனெ', இன்றைய 'கிளீன்', தெளிவையும் தூய்மையையும் கற்பையும் ஒருங்கே குறித்தது. இதயத்தில் தூயோரைப் பேறுபெற்றவர் என்னும் மலைப்பொழிவு வாக்கியத்தைப் பழைய ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் இந்தச் சொல்லோடு இதயத்தைச் சேர்த்து ஒரு கூட்டுச்சொல் செய்தார்கள். 1380களின் விக்ளிஃப் மொழிபெயர்ப்பும் 'கிளீன்' என்பதையே கொண்டது. 1526இல் வில்லியம் டிண்டேல் கிரேக்கத்திலிருந்து நேராகப் பெயர்த்தபோது அந்த இடத்தில் 'பியூர்' வந்து அமர்ந்தது, இன்றுவரை எழவில்லை. அதன்பின் 'கிளீன்' மெல்ல மெல்ல வீட்டுத் தரைக்கும் துணிக்கும் இறங்கிவந்தது, ஒழுக்கத்தின் உயர் மேடையை 'பியூர்' பிடித்துக்கொண்டது. இன்னொரு சொந்தச் சொல் 'ஹோலி'. இதன் உறவினர்கள் முழுமையைக் குறிக்கும் 'ஹோல்', குணப்படுத்தலைக் குறிக்கும் 'ஹீல்', நலத்தைக் குறிக்கும் 'ஹெல்த்'. புனிதன் என்றால் குறைவற்றவன், நலத்தோடிருப்பவன். இங்கே தொடுதல் பற்றிய அச்சம் இல்லை. உடைந்தது கூடும், நோயுற்றது தேறும். கறை பட்டது போகாது என்ற எண்ணத்துக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

'இன்னொசென்ட்' தனியாகப் பேசப்பட வேண்டியது. தீங்கு செய்தலைக் குறிக்கும் 'நோகெரே' என்ற லத்தீன் வினையின் எதிர்மறை அது. தீங்கு செய்யாதவர் என்பதே நேர்ப்பொருள். மேலே சொன்ன லத்தீன் சொற்களில் ஒன்றுகூட அண்டை மனிதரை நினைக்கவில்லை, இது நினைக்கிறது. பிறருக்குக் கேடு செய்யாதவன் என்று ஒரு மனிதனை அவன் செயலால் மதிக்கும் சொல் இது ஒன்றே. அதனால்தான் குற்றவியல் நீதிக்கு அது பொருந்திற்று. குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை குற்றமற்றவர் என்ற கோட்பாட்டை 1935இல் வூல்மிங்டன் வழக்கில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை உறுதிசெய்தபோது, மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புடையதே என்றது. அங்கே கேள்வி, அவர் செய்தாரா இல்லையா என்பது மட்டுமே. வருத்தம் என்னவென்றால், நீதிமன்றத்துக்கு வெளியே இந்தச் சொல்லும் சறுக்கிவிட்டது. தீங்கு செய்யாதவர், பிறகு குற்றமறியாதவர், பிறகு எதுவுமே அறியாதவர், கடைசியில் விவரமற்றவர். பாக்கியம் பெற்றவர் என்ற பொருளில் இருந்த 'சேலிக்' என்ற பழைய ஆங்கிலச் சொல்லும் இதே சரிவில் இறங்கி, பாவம் அறியாதவர், பரிதாபத்துக்குரியவர் என்ற படிகளைக் கடந்து இன்று அசட்டைக் குறிக்கும் 'சில்லி'யாக நிற்கிறது. ஜெர்மன் மொழியில் அதன் சகோதரச் சொல் இன்னும் பேறுபெற்றவர் என்றே பொருள்படுகிறது. அறியாமையைத் தூய்மை என்று கொண்டாடும் பழக்கம் வேரூன்றிய பிறகு, தூயவர் அசடாகத் தெரிய அதிக காலம் பிடிப்பதில்லை.

இதற்கு மொழியியலார் உடனே ஒரு மறுப்பு வைப்பார்கள், வைக்கவும் வேண்டும். சொல்லின் பிறப்பு அதன் இன்றைய பொருளைக் கட்டுப்படுத்தாது. 'சில்லி' என்று சொல்பவர் யாரும் பாக்கியத்தை நினைப்பதில்லை. 'இன்டெக்ரிட்டி' என்று சொல்பவர் தொடுதலை நினைக்கிறாரா? நியாயமான கேள்வி. வேரை மட்டும் வைத்து வாதிட்டால் நான் தோற்பேன். ஆனால் இந்தச் சொற்கள் சட்டமாகி நடந்த இடங்களைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் தேசத்துரோகக் குற்றவாளிமீது 'அட்டெயின்டர்' விழுந்தால் அவருடைய இரத்தம் கெட்டுவிட்டதாகக் கருதப்பட்டது. அவர் வழியாகப் பிள்ளைகள் சொத்துரிமை கோர முடியாது. ஒன்றும் செய்யாத பிள்ளைக்குத் தண்டனை, காரணம் கெட்ட இரத்தத்தின் தொடர்பு. 1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சாசனம் இதைத் தடை செய்தது. பிரிட்டன் 1870இல்தான் முற்றாகக் கைவிட்டது. அதே அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலம் 1924இல் ஒரு சட்டம் இயற்றியது. வெள்ளையர் மற்றவரை மணப்பதைத் தடுக்கும் அந்தச் சட்டத்தின் பெயரிலேயே இனத்தின் 'இன்டெக்ரிட்டி' இருந்தது. காகசிய இரத்தம் தவிர வேறெந்த இரத்தத்தின் சுவடும் இல்லாதவரே வெள்ளையர் என்று அது வரையறுத்தது. பூர்வகுடி இரத்தம் பதினாறில் ஒரு பங்குவரை இருக்கலாம் என்று மட்டும் ஒரு விலக்கு, வர்ஜீனியாவின் பழங்குடும்பங்கள் சில பூர்வகுடிப் பெண்ணான போகஹொன்டாஸின் வழிவந்தவர்களாகத் தங்களைச் சொல்லிக்கொண்டதால். சட்டம் எழுதியவர்கள் லத்தீன் இலக்கணத்தைப் புரட்டிப் பார்த்து இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள். தேவையே இல்லை. கலக்காதது, தொடப்படாதது என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள் உயிரோடு இருந்தது, கைக்கு எட்டியது. 1967 ஜூன் 12இல் லவ்விங் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாததாக்கியது. பாக்கியப் பொருள் 'சில்லி'யில் செத்துவிட்டது. கலப்பின்மைப் பொருள் 'பியூர்' முதலியவற்றில் சாகவில்லை. பாலுக்கும் பொன்னுக்கும் நாள்தோறும் அதே சொல்லைப் பயன்படுத்தும்போது அது எப்படிச் சாகும்?

இந்த அளவுகோல் யார்மீது அதிகம் வைக்கப்பட்டது என்பதில்தான் வரலாற்றின் கனமான பகுதி இருக்கிறது. 'வர்ச்சூ' என்ற சொல்லின் பயணத்தை எடுத்துக்கொள்வோம். லத்தீனில் 'விர்' என்றால் ஆண்மகன். 'விர்டஸ்' அவனுடைய போர்க்களத் துணிவு. கிறித்தவம் அதை நற்குணங்கள் அனைத்துக்கும் பொதுவாக்கியது. 16ஆம் நூற்றாண்டின் இறுதி வாக்கில் பெண்ணைக் குறித்துச் சொல்லும்போது அது உடல் கற்பாகச் சுருங்கிவிட்டது. 1740இல் சாமுவேல் ரிச்சர்ட்சன் எழுதிய 'பமேலா' நாவலின் துணைத்தலைப்பிலேயே பரிசுபெறும் 'வர்ச்சூ', முதலாளியின் ஆசைக்கு இணங்காமல் நின்ற பணிப்பெண்ணின் கற்பு. ஆணின் வீரம் என்று பிறந்த சொல் பெண்ணின் தொடப்படாமையாக முடிந்தது. 'ஹானஸ்ட்' அதேபோல. மதிப்புக்குரியவர் என்ற பொருளில் தொடங்கி, ஆணுக்குச் சொல்லும்போது வாக்கு மாறாமை, பெண்ணுக்குச் சொல்லும்போது கற்பு என்று இரண்டாகப் பிளந்தது. ஷேக்ஸ்பியர் 'ஒத்தெல்லோ'வை இந்தப் பிளவின்மீதே கட்டியிருக்கிறார் என்று வில்லியம் எம்ப்சன் 1951இல் வெளியான தம் நூலில் காட்டினார்; நாடகத்தில் அந்தச் சொல்லும் அதன் பெயர்ச்சொல்லும் 52 முறை வருவதாக அவர் கணக்கு. பொய்யே உருவான இயாகோவை எல்லாரும் 'ஹானஸ்ட்' என்கிறார்கள். கணவனுக்குத் துரோகம் செய்யாத டெஸ்டெமோனா 'ஹானஸ்ட்' இல்லை என்ற ஐயத்தால் கொல்லப்படுகிறாள். சி.எஸ். லூயிஸ் 1960இல் எழுதிய சொல்லாய்வு நூலில், பண்ணையாளைக் குறித்த சொல் கயவனைக் குறிப்பதானதுபோல் சமூகத் தரத்தைக் குறித்த சொற்கள் ஒழுக்கச் சொற்களாக மாறுவதை விளக்குகிறார். அந்த விளக்கத்தோடு இதையும் சேர்க்க வேண்டும்: ஒழுக்கச் சொற்கள் பெண்ணிடம் வரும்போது உடற்சொற்களாகின்றன.

ஒரு சொல்லுக்காக ஒரு நாடே சண்டையிட்ட நிகழ்ச்சி 1891இல் நடந்தது. தாமஸ் ஹார்டி 'டெஸ்' நாவலைப் புத்தகமாக வெளியிட்டபோது தூய பெண் ஒருத்தியின் உண்மைச் சித்திரம் என்ற பொருளில் துணைத்தலைப்பு கொடுத்தார், 'பியூர்' என்ற அடைமொழியோடு. நாயகி ஏழைப் பெண். செல்வந்தன் ஒருவனால் காட்டில் கெடுக்கப்படுகிறாள், குழந்தை பெறுகிறாள், அது இறக்கிறது. பிறகு தான் நேசிக்கும் ஒருவனை மணக்கிறாள். திருமண இரவில் கணவன் லண்டனில் ஒரு பெண்ணோடு தான் கழித்த நாட்களைச் சொல்கிறான், அவள் மன்னிக்கிறாள். அவள் தன் கதையைச் சொல்கிறாள். நான் காதலித்தது உன்னையல்ல, உன் உருவத்தில் இருந்த வேறொருத்தியை என்று அவன் விலகிப்போகிறான். செய்தவன் அந்தச் செல்வந்தன், செய்யப்பட்டவள் அவள், கறை அவள்மீது. இதே கதை 'தி கிராஃபிக்' என்ற குடும்பப் பத்திரிகையில் தொடராக வந்தபோது ஆசிரியர் குழுவின் கூச்சத்துக்கு இணங்க ஹார்டி பல இடங்களை மாற்றினார். கெடுக்கப்படும் பகுதிக்குப் பதில் ஒரு போலித் திருமணம் வந்தது. வெள்ளம் நிற்கும் பாதையில் பால்பண்ணைப் பெண்களை நாயகன் கையில் தூக்கிக் கடக்கும் இடத்தில், அவன் கை அவர்கள்மீது படாமலிருக்க ஒரு தள்ளுவண்டி கொண்டுவரப்பட்டது. நான் சொல்லும் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்றை நூலகத்தில் தேடிப் பிடிக்க முடியாது. விமர்சகர்கள் துணைத்தலைப்பைக் கண்டு கொதித்தார்கள். அடுத்த ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் ஹார்டி, அந்தச் சொல்லுக்கு நாகரிகம் விதித்த செயற்கைப் பொருளைத் தவிர வேறெதையும் இவர்கள் நினைக்க மறுக்கிறார்கள் என்று வருந்தினார். 1912இல், யாரும் மறுக்க மாட்டார்கள் என்று நம்பி அச்சுப்படி திருத்தி முடித்த கடைசி நேரத்தில் சேர்த்த சொல் அது, புத்தகத்தில் வேறெதையும்விட அதிகமாக மறுக்கப்பட்டது என்று பதிவு செய்தார். அவளுடைய நோக்கத்தையும் செயலையும் வைத்து அவளை அளக்க அவர் விரும்பினார். சொல் இடம்கொடுக்கவில்லை.

நாவலில் நடந்தது நாட்டிலும் நடந்தது. 1864, 1866, 1869 ஆண்டுகளில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய தொற்றுநோய்ச் சட்டங்கள், படைமுகாம் ஊர்களில் பாலியல் தொழில் செய்வதாகச் சந்தேகப்படும் எந்தப் பெண்ணையும் பிடித்துக் கட்டாயமாக உடற்பரிசோதனை செய்யக் காவலருக்கு அதிகாரம் தந்தன. அவளிடம் சென்ற சிப்பாய்க்குப் பரிசோதனை இல்லை. சட்டத்தின் பெயரில் இருந்த 'கன்டேஜியஸ்', தொடுதல் என்ற அந்தப் பழைய வினையின் வாரிசு; தொடுகை இருவருக்கு நடுவே நிகழ்வது, தொற்று மட்டும் ஒருத்தியின் சொத்தாக்கப்பட்டது. 1868இல் இதே மாதிரிச் சட்டம் இந்தியாவுக்கும் வந்தது. ஜோசஃபின் பட்லர் தலைமையில் பெண்கள் ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் போராடி 1886இல் இங்கிலாந்தின் சட்டங்களை நீக்கவைத்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும். அந்தப் போராட்டத்தின் பெரும்பகுதியைச் சமூகத் தூய்மை இயக்கம் என்ற பெயரில், 'பியூரிட்டி' என்ற கொடியோடுதானே நடத்தினார்கள்? பெண்ணிடம் கேட்கும் தூய்மையை ஆணிடமும் கேள் என்றதும், 1885இல் சம்மத வயது 13இலிருந்து 16ஆக உயர்ந்ததும் அந்தக் கொடியின்கீழ் அல்லவா? உண்மை. அந்தச் சாதனையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அவர்கள் வென்ற இடங்களில் எல்லாம் வாதம், யார் யாருக்கு என்ன கொடுமை செய்கிறார்கள் என்பதாக இருந்தது; சொல் மட்டும் 'பியூரிட்டி'. சொல்லே வாதமாக மாறிய இடங்களில் அதே இயக்கத்தினர் சிலர் விடுதிகளைச் சோதனையிடவும் புத்தகங்களைத் தடை செய்யவும் இறங்கினார்கள். அளவுகோலை இருபாலருக்கும் சமமாக வைத்தது பெரிய காரியம். அளவுகோல் மாறவில்லை.

இன்னும் ஆழமான மறுப்பு கிறித்தவத்திலிருந்தே வருகிறது. மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் இயேசு, வெளியிலிருந்து மனிதனுக்குள் போவது எதுவும் அவனைத் தீட்டுப்படுத்தாது, உள்ளேயிருந்து வருவதே தீட்டுப்படுத்தும் என்கிறார். தொடுகை என்ற அளவையே அவர் தலைகீழாக்கிவிட்டார் அல்லவா? ஆம், இதைவிட நேரான மறுப்பு அந்தப் பண்பாட்டில் இல்லை. அகுஸ்தீனார் அதைத் தொடர்ந்து கொண்டுசென்றார். கி.பி. 410இல் ரோம் சூறையாடப்பட்டபோது வன்புணர்வுக்கு ஆளான பெண்களைப் பழித்தவர்களுக்கு அவர் 'இறைவனின் நகரம்' நூலின் முதல் பகுதியில் பதில் சொன்னார்: கற்பு மனத்தின் குணம், இன்னொருவனின் வன்முறையால் அது போகாது, பழைய ரோமானியர் போற்றிய லுக்ரீசியா தன்னைக் கொன்றுகொண்டிருக்கத் தேவையில்லை. பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன் சொல்லப்பட்ட இந்த வாதத்தை இன்றும் எத்தனை வீடுகள் ஏற்கின்றன? ஆனாலும் சொற்கள் அகுஸ்தீனாரைவிட வலுவாக இருந்தன. 1594இல் ஷேக்ஸ்பியர் அதே லுக்ரீசியாவை நெடுங்கவிதையாக்கியபோது, அவள் மனம் குற்றமற்றது என்று அனைவரும் சொல்ல, அவளோ கறை, களங்கம் என்ற சொற்களுக்குள்ளேயே தன்னைக் காண்கிறாள். அவள் உடலிலிருந்து வழியும் இரத்தம் சிவப்பாகவும் கறுப்பாகவும் இரண்டாகப் பிரிகிறது. கோட்பாடு ஒருபுறம் இருக்க, கற்பனை பழைய வேரையே பற்றிக்கொண்டது. இயேசுவின் அந்தப் போதனையை ஆங்கிலத்தில் சொல்லக்கூடத் தீட்டுச் சொல்தான் தேவைப்படுகிறது.

அழுக்கைக் கண்டு அருவருப்பது மனித இயல்பு, எல்லா மொழியிலும் ஒழுக்கத்துக்கு இந்த உவமை இருக்கும், ஆங்கிலத்தை மட்டும் ஏன் குற்றம் சொல்ல வேண்டும் என்பார்கள். 2006இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, தங்கள் தவறுகளை நினைத்துப் பார்த்தவர்கள் உடலைச் சுத்தம் செய்துகொள்ள அதிகம் விரும்பினார்கள் என்றது. பின்னர் அதைத் திரும்பச் செய்து பார்த்த சிலருக்கு அதே முடிவு கிடைக்கவில்லை. எனவே இயல்பு என்ற வாதத்தின்மீது பாரம் ஏற்ற முடியாது. மேரி டக்ளஸ் 1966இல் எழுதிய 'தூய்மையும் அபாயமும்' நூல் எனக்கு இன்னும் ஏற்புடையது: அழுக்கு என்பது இடம் தவறிய பொருள், தீட்டு விதிகள் காப்பது எல்லைகளை. எல்லையைக் காக்கும் விதி எல்லையில் நிற்பவர்மேல் விழுவது இயற்கை, அதாவது பெண்மேல், அயலார்மேல், கீழே வைக்கப்பட்டவர்மேல். உவமை எல்லா மொழியிலும் இருக்கலாம். அதை எதைக்கொண்டு அளப்பது என்பது எல்லா மொழியிலும் ஒன்றல்ல. நம் வள்ளுவரும் மாசு என்கிறார், தூய்மை என்கிறார். ஆனால் வாய்மை அதிகாரத்தில் உடலின் தூய்மைக்கு நீரைச் சொன்னவர் உள்ளத்தின் தூய்மை தெரிவது வாய்மையால் என்றார். வாய்மைக்கு அதே அதிகாரத்தில் அவர் கொடுக்கும் இலக்கணம் பிறர்க்குத் தீமை இல்லாத சொல். உவமை அதேதான். அளவுகோல் செயல். 'இன்னொசென்ட்' பிறந்தபோது எதைச் சொல்லிற்றோ அதற்கு மிக அருகில் வள்ளுவர் நிற்கிறார்.

ஆங்கிலச் சட்டம் நமக்குத் தந்தது அந்த அளவுகோலை அல்ல. 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 155ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு, வன்புணர்வு வழக்கில் புகார் கொடுத்த பெண் பொதுவாக ஒழுக்கம் கெட்டவள் என்று காட்டி அவள் சாட்சியத்தின் நம்பகத்தை உடைக்க எதிரித் தரப்புக்கு இடம்கொடுத்தது. குற்றம் சாட்டப்பட்டவர் குற்றமற்றவராகக் கருதப்பட்டார், அது சரி. புகார் சொன்னவள் தூயவள் என்று மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. ஒரே மன்றத்தில் ஒருவருக்குச் செயலின் அளவு, மற்றவருக்குத் தொடுகையின் அளவு. 130 ஆண்டுகள் இருந்த அந்த உட்பிரிவு 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் நீங்கியது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 354ஆம் பிரிவு, பெண்மீது கைவைக்கும் குற்றத்தை அவளுடைய 'மாடஸ்டி'க்கு இழைக்கும் அவமதிப்பு என்று பெயரிட்டது. 'மாடஸ்டி' லத்தீனில் அளவோடு நடப்பதைக் குறித்த சொல். எல்லாருக்கும் உரிய நிதானம், பெண்ணிடம் வந்ததும் உடலாயிற்று. ஏழரை மாதக் குழந்தைக்கு நேர்ந்த கொடுமை ஒன்றில், அந்தச் சிசுவுக்கு 'மாடஸ்டி' உண்டா என்று 1966இல் நம் உச்ச நீதிமன்றமே வாதம் கேட்க வேண்டி வந்தது. உண்டு என்று பெரும்பான்மை தீர்ப்பளித்தது, பெண்ணாகப் பிறந்ததே அதன் சாரம் என்ற காரணத்தோடு. தீர்ப்பு குழந்தையைக் காத்தது. ஆனால் அந்தக் கேள்வி எழவே காரணம், குற்றம் செய்தவனின் கையைப் பார்க்காமல் குழந்தையின் குணத்தைப் பார்க்கச் சொன்ன ஒரு சொல்.

2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வெளியிட்ட பாலின முன்முடிவுகளுக்கு எதிரான கையேடு, 'சேஸ்ட்' என்ற அடைமொழியோ 'வர்ச்சூ' வரும் தொடரோ சேர்க்காமல் பெண்ணைப் பெண் என்று மட்டும் எழுதும்படி பரிந்துரைத்தது. பத்து மாதங்கள் கழித்து, 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 74ஆம், 79ஆம் பிரிவுகளில் 'மாடஸ்டி' அப்படியே தொடர்கிறது. பழைய சட்டத்தின் பெயரையும் எண்களையும் மாற்றத் துணிந்தவர்கள் இந்தச் சொல்லையும் மாற்றியிருக்கலாம். அந்தக் குற்றத்துக்கு அதைச் செய்தவனின் செயலைக்கொண்டே பெயரிட வேண்டும்: ஒருவரின் சம்மதமில்லாமல் அவர் உடல்மீது செலுத்திய வன்முறை. நாடாளுமன்றம் இதை ஒரு வரித் திருத்தத்தில் செய்யலாம், செய்ய வேண்டும்.